காற்றில் தொடுவுணர்வு: கையைத் தடுக்க வேண்டுமா, கைக்குச் சேதி சொன்னால் போதுமா?

கண்ணுக்குத் தெரிகிற பொருள், கையை நீட்டினால் அங்கே இல்லை. மெய்நிகர் உலகத்தின் பழைய குறை இது. இதைத் தீர்ப்பதாகச் சொல்லி இன்று பலவகைக் கருவிகள் இருக்கின்றன. காதுக்கு எட்டாத மீயொலியைக் குவித்து வெறுங்கையில் அழுத்தம் தருபவை, காற்று வளையங்களை எறிபவை, கையுறைகள், மேசைமேல் நிற்கும் விசைக்கரங்கள். கண்காட்சிக்கூடமோ பயிற்சி மையமோ வடிவமைப்புக் குழுவோ இவற்றில் எதை வாங்குவது என்று யோசிக்கும்போது, விளம்பரப் படங்கள் உதவாது. எல்லாவற்றிலும் ஒளிரும் ஒரு கோளமும் அதை வருடும் ஒரு கையும்தான் இருக்கும். கைக்கு உண்மையில் என்ன கிடைக்கிறது என்பதில் இந்தக் கருவிகளுக்குள் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு.

நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான். அந்தப் பொருள் கையைத் தடுத்து நிறுத்த வேண்டுமா, இல்லை, தான் இருக்கும் இடத்தைக் கைக்குத் தெரிவித்தால் போதுமா? சுவரும் கருவிப்பிடியும் எலும்பும் பல்லும் முதல் வகை. அழுத்தியது பதிவாகிவிட்டது என்று சொல்ல வேண்டிய பொத்தான், உள்ளங்கையில் ஓடும் பொறி, தோலில் விழும் தூறல் ஆகியவை இரண்டாம் வகை. தடுக்கும் கருவிக்குக் கையில் பிடிக்கவோ உடம்பில் மாட்டவோ ஒரு பொருள் வேண்டும். காற்று தானாகக் கையைத் தடுக்காது. இந்த ஒரு கட்டுப்பாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதித் தேர்வு அங்கேயே முடிந்துவிடும்.

வெறுங்கைக்கு மீயொலி

காற்றில் தொடுவுணர்வு என்றாலே முதலில் பேசப்படுவது இதுதான். பேசப்படும் அளவுக்கு அழகான யோசனையும்கூட. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஹிரோயுகி ஷினோடாவின் குழு 2008-ல் இதைச் செய்து காட்டியது. பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீராம் சுப்ரமணியன், டாம் கார்ட்டர் ஆகியோரின் குழு 2013-ல் பல புள்ளிகளை ஒரே நேரத்தில் உணரவைக்கும் முறையை வெளியிட்டது. அதிலிருந்து பிறந்த அல்ட்ராஹாப்டிக்ஸ் நிறுவனம், கையசைவைப் பின்தொடரும் கேமராவுக்குப் பெயர்பெற்ற லீப் மோஷனை 2019-ல் வாங்கி, அல்ட்ராலீப் என்று பெயர் மாற்றிக்கொண்டது.

வேலை செய்யும் விதம் இப்படி. ஒரு தட்டையான பலகையில் வரிசைக்கு 16 வீதம் 256 சிறிய ஒலிபரப்பிகள். ஒவ்வொன்றும் சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம். எல்லாமே 40 கிலோஹெர்ட்ஸில் ஒலிக்கும், மனிதக் காதுக்கு அது எட்டாது. ஒவ்வொன்றும் எந்தக் கணத்தில் ஒலிக்க வேண்டும் என்பதைக் கணினி சற்றுச் சற்று மாற்றிவைப்பதால், எல்லா அலைகளும் காற்றில் ஒரு குறிப்பிட்ட புள்ளியில் மட்டும் ஒருசேர வந்து சேரும். அங்கே கை இருந்தால் ஒலியின் அழுத்தம் தோலைத் தள்ளும். ஒலி கைக்குள் புகுவதில்லை. காற்றுக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவு பெரியது என்பதால் ஏறத்தாழ முழுவதும் திரும்பித் தெறித்துவிடும்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வைத் தோல் உணராது. நம் தோலில் வேகமான அதிர்வைப் பிடிப்பவை பசினியன் நுண்ணுறுப்புகள், அவற்றின் கூர்மை உச்சத்தில் இருப்பது 200 முதல் 250 ஹெர்ட்ஸ் பக்கம். அதனால் அந்தப் புள்ளியை நொடிக்குச் சுமார் 200 முறை ஏற்றி இறக்குகிறார்கள், அல்லது ஒரு வட்டப் பாதையில் வேகமாக ஓட விடுகிறார்கள். உணர்வு என்று நமக்குக் கிடைப்பது அந்த ஏற்ற இறக்கம். உள்ளங்கையும் விரல்நுனியும் இதை நன்றாக உணரும், முன்கைக்கு ஏறக்குறைய தெரியவே தெரியாது. உதடு மிகக் கூர்மையானது என்பதால், கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் இதே ஒலிபரப்பிகளை, கண்ணை மூடி மாட்டும் மெய்நிகர் ஹெட்செட்டின் அடியில் பொருத்தி வாய்ப்பகுதிக்குத் தொடுவுணர்வு கொடுத்துக் காட்டினார்கள்.

இனி வரம்புகள். வாங்குபவர் கட்டாயம் பார்க்க வேண்டிய பகுதி இது.

முதலாவது வலிமை. டோக்கியோ குழு 2010-ல் வெளியிட்ட கருவியில் 324 ஒலிபரப்பிகள் இருந்தன. அது கொடுத்த விசை சுமார் 1.6 கிராம் எடைக்குச் சமம். மெல்லிய காற்றும் நடுக்கமும் கலந்த ஓர் உணர்வு அது. கையை நிறுத்தாது, விரல் கோளத்துக்குள் தங்குதடையின்றிப் புகுந்துவிடும். கூடுதல் பலகைகள் வைத்தால் விசை கூடும் என்பது உண்மைதான், ஆனால் கையைத் தடுக்கும் அளவை இவ்வழியில் எட்ட முடியாது.

இரண்டாவது நுணுக்கம். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் சுமார் 8.6 மில்லிமீட்டர். குவியும் புள்ளியை அதைவிட அதிகம் சிறிதாக்க முடியாது. விரல்நுனியோ 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு முனைகளைத் தனித்தனியாக அறியும். ஆகவே கூரான விளிம்பு, நுண்ணிய சொரசொரப்பு, பொறித்த எழுத்து ஆகியவற்றை இந்தப் பலகையிடம் எதிர்பார்க்கக் கூடாது. அதிர்வெண்ணைக் கூட்டினால் புள்ளி சிறுக்கும், ஆனால் காற்று அந்த ஒலியைச் சீக்கிரம் விழுங்கிவிடும். பலகையிலிருந்து கை விலக விலகப் புள்ளி அகன்று, வலுவும் குறையும். நன்றாக வேலை செய்யும் இடம் பலகைக்கு மேல் ஒரு சாண், இரண்டு சாண் தூரம்தான்.

மூன்றாவது வடிவம். ஒரு வட்டத்தையோ சதுரத்தையோ உள்ளங்கையில் வரைந்துவிட்டு, படம் காட்டாமல், இது என்ன என்று கேட்டால் பலர் தடுமாறுகிறார்கள். 2020-ல் வந்த ஓர் ஆய்வு நல்ல வழி காட்டியது. முழு வடிவத்தையும் ஒரே நேரத்தில் அதிரவிடாமல், ஒரே புள்ளியைக் கோட்டின் வழியே மெதுவாக நகர்த்தி, மூலைகளில் சற்று நிறுத்தினால் மக்கள் வடிவத்தை நன்றாக அடையாளம் காண்கிறார்கள். கருவியைவிட அதற்காக எழுதப்படும் மென்பொருள் எவ்வளவு முக்கியம் என்பதற்கு இது சான்று. பலகையை வாங்கிவிட்டு உள்ளடக்கத்துக்கு ஆள் வைக்காத குழுவுக்கு இது பயன்படாது என்பேன்.

நான்காவது சத்தம். 200 ஹெர்ட்ஸ் ஏற்ற இறக்கம் காதுக்கு எட்டக்கூடிய ஒரு ரீங்காரத்தை உண்டாக்கும். அமைதியான அறையில் அது கவனத்தைக் கலைக்கும். நாய்களின் செவி சுமார் 45 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டும், பூனைகளுக்கு இன்னும் அதிகம். வழிகாட்டி நாயோடு பார்வையற்றவர் வரக்கூடிய இடமாக இருந்தால் இதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தக் கருவியை நான் மிகவும் மதிக்கிறேன். வேறு எந்த வழியிலும் கிடைக்காத ஒன்றை இது கொடுக்கிறது. ஒருவர் எதையும் மாட்டிக்கொள்ளாமல், எதையும் தொடாமல், கையை நீட்டிய கணமே உணர்ந்துவிட்டு நகர்ந்து போகலாம். ஒரு நாளில் ஆயிரம் பேர் வந்து போகும் இடத்தில் இதற்கு ஈடு இல்லை.

காற்றிலேயே வேறு வழிகள்

டிஸ்னியின் ஆய்வுப் பிரிவு 2013-ல் ஏரியல் என்ற கருவியைக் காட்டியது. சிறிய ஒலிபெருக்கிகளின் தள்ளலால் ஒரு காற்று வளையத்தை உருவாக்கி, ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பவர்மேல் எறியும். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அதே ஆண்டில் இதே வழியில் 2.5 மீட்டர் வரை போனார்கள். மீயொலியைவிடத் தூரம் அதிகம், பாகங்கள் எளியவை. ஆனால் வளையம் பயணம் செய்து வந்து சேர நேரம் பிடிக்கும், தாக்கும் இடமும் எட்டு, பத்து சென்டிமீட்டர் வரை பிசகலாம். பந்து வந்து பட்டது, பறவை கடந்து போனது போன்ற கணநேர நிகழ்வுகளுக்குச் சரி, ஒரு பொருளை வருடிப் பார்க்க உதவாது. கிளாஸ்கோ பல்கலைக்கழகக் குழு 2021-ல் கைக்குக் கீழே காற்றுத் தாரைகளை வைத்து, கண்ணாடியில் தோன்றும் முப்பரிமாணப் பிம்பத்தோடு சேர்த்தது. கூடைப்பந்தைத் தட்டும் உணர்வு கிடைத்தது, நுணுக்கம் கிடைக்கவில்லை.

ஜப்பானிய ஆய்வாளர் யோய்ச்சி ஓச்சியாயின் குழு 2015-ல், மிக மிகக் குறுகிய துடிப்புகளாக ஒளிரும் ஃபெம்டோநொடி லேசரால் காற்றில் ஒளிப்புள்ளிகளை உண்டாக்கி, அவற்றை விரலால் தொடவும் வைத்தது. பிம்பமும் தொடுவுணர்வும் உண்மையிலேயே ஒரே இடத்தில் இருந்தது இதன் பெருமை. பிம்பத்தின் அளவு சுமார் ஒரு கன சென்டிமீட்டர் என்பது இதன் எல்லை. சசெக்ஸ் பல்கலைக்கழகம் 2019-ல் நேச்சர் இதழில் வெளியிட்ட கருவி, மீயொலியால் ஒரு சிறு உருண்டையை மிதக்கவிட்டு, அதைப் படுவேகமாக ஓட்டிப் பிம்பம் வரைந்து, அதே ஒலியால் தொடுவுணர்வும் சத்தமும் தந்தது. இரண்டும் ஆய்வகத்தின் அரிய சாதனைகள். வாங்கும் பட்டியலில் இவற்றுக்கு இப்போது இடமில்லை.

கையைத் தடுக்கும் கருவிகள்

இனி மறுகரை. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தாமஸ் மாஸியும் கென்னத் சாலிஸ்பரியும் 1994-ல் விவரித்த ஃபேண்டம் என்ற விசைக்கரத்தின் வாரிசுகள் இன்றும் விற்பனையில் உள்ளன. மேசையில் நிற்கும் ஒரு சிறு இயந்திரக் கை, அதன் முனையில் பேனா போன்ற பிடி. நீங்கள் பிடியை நகர்த்துகிறீர்கள். திரையில் உள்ள பொருளின் பரப்பை அது எட்டியதும் மோட்டார்கள் எதிர்த்துத் தள்ளுகின்றன. 3டி சிஸ்டம்ஸ் நிறுவனம் வெளியிட்ட டச் என்ற சிறிய மாதிரி அதிகபட்சம் 3.3 நியூட்டன் விசை தரும். மேலே சொன்ன டோக்கியோ கருவியைவிட ஏறத்தாழ 200 மடங்கு. இங்கே சுவர் என்றால் சுவர்தான், கை நிற்கும்.

அந்த உறுதிக்குக் காரணம் மோட்டார் மட்டும் இல்லை. இத்தகைய கருவிகள் விசையை நொடிக்குச் சுமார் 1000 முறை கணக்கிட்டுத் திருத்துகின்றன. அந்த வேகம் குறைந்தால் கெட்டியான பரப்பு கையில் நடுங்கத் தொடங்கும், அல்லது களிமண்ணாகத் தோன்றும். நொடிக்கு 60, 90 படம் போதும் என்று பழகிய வரைகலைக் குழுக்கள் இங்கே முட்டிக்கொள்வது வழக்கம்.

பேனா முனையால் மட்டும் தொடுவது குறை என்று பலர் இதை ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பல் மருத்துவர் பல்லை விரலால் குடைவதில்லை, அறுவை மருத்துவரும் பெரும்பாலும் ஒரு கருவியின் வழியேதான் திசுவை உணர்கிறார். நிஜத்திலும் கைக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு தண்டு இருக்கும் தொழில்களில், விசைக்கரம் சமரசமே இல்லாத தேர்வு. சிமோடான்ட் என்ற பல் மருத்துவப் பயிற்சிக் கருவி இந்த அடிப்படையில்தான் பல்கலைக்கழகங்களில் புழங்குகிறது.

கையுறைகளின் கதை வேறு. அவற்றில் இரண்டு வகை வேலைகள் நடக்கின்றன. ஒன்று, விரல் மடங்குவதைத் தடுப்பது. சென்ஸ்குளோ நிறுவனத்தின் நோவா கையுறை, விரல்களோடு இணைந்த கம்பிகளைப் பிரேக் போட்டுப் பிடித்து ஒரு விரலுக்கு 20 நியூட்டன் வரை தடுக்கும். மற்றது, தோலையே அழுத்துவது. ஹாப்டெக்ஸ் கையுறையில் காற்றால் உப்பும் நுண்ணிய பைகள் நூற்றுக்கு மேல் உள்ளன. அவை தோலைப் புள்ளி புள்ளியாக அழுத்தும்போது, கையில் ஊரும் பூச்சியின் கால்கள்கூடத் தெரியும் அளவுக்கு நுணுக்கம் கிடைக்கிறது. அதற்கான காற்றுக் கருவியைத் தனியே முதுகில் சுமக்க வேண்டும், அல்லது பக்கத்தில் வைக்க வேண்டும்.

கையுறையில் ஒரு குறை மட்டும் எப்போதும் இருக்கும். விளம்பரம் அதைச் சொல்லாது. கையுறை உங்கள் கையை மட்டுமே பற்றியிருக்கிறது, தரையையோ மேசையையோ பற்றியிருக்கவில்லை. ஒரு கோப்பையைப் பிடித்தால் விரல்கள் நிற்கும். அந்தக் கோப்பையை மெய்நிகர் மேசைமேல் வைத்தால் மேசை நிற்காது, முழங்கையோடு சேர்த்துக் கை உள்ளே போய்விடும். எடையும் தெரியாது. பிடிப்பது முக்கியம் என்றால் கையுறை, தள்ளுவதும் சாய்வதும் தூக்குவதும் முக்கியம் என்றால் கையுறை போதாது. இதோடு நடைமுறைத் தொல்லைகளும் உண்டு. ஒவ்வொருவர் கைக்கும் அளவு பார்க்க வேண்டும், மாட்டவும் கழற்றவும் நேரம் போகும், வியர்வை ஊறியதை அடுத்தவருக்குக் கொடுக்க முடியாது.

நிஜப் பொருளையே வைத்துவிட்டால்?

ஒப்பீடுகளில் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் வழி இது. எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். வட கரோலினா பல்கலைக்கழகத்தில், ஹெட்செட்டில் ஆழமான பள்ளத்தைக் காட்டிவிட்டு, பள்ளத்தின் விளிம்பு வரும் இடத்தில் தரையில் ஒரு மெல்லிய பலகையை மட்டும் வைத்தார்கள். காலின் அடியில் அந்த விளிம்பு தட்டுப்பட்டதும் பார்ப்பவர்களின் பயம் கூடியது, இதயத் துடிப்பு ஏறியது. மோட்டார் இல்லை, அலை இல்லை, ஒரு மரத்துண்டுதான். கண் ஒன்றைக் காட்ட, தோலுக்கு ஓரளவு ஒத்துப்போகும் ஏதோ ஒன்று கிடைத்தால், மீதியை மூளையே நிரப்பிக்கொள்கிறது. கண்ணும் தொடுவுணர்வும் முரண்பட்டால் பெரும்பாலும் கண் சொல்வதையே மனம் நம்புகிறது என்பது 1960-களிலேயே சோதித்துக் காட்டப்பட்ட விஷயம்.

பொருள் ஒரே இடத்தில் இருக்கப்போகிறது என்றால், அதே வடிவில் ஒரு மாதிரியைச் செய்து, மெய்நிகர் படத்தோடு இடம் பொருத்தி வைத்துவிடுங்கள். பொருள் இடம் மாறும் என்றால், கை போகும் இடத்துக்கு ரோபோ கரம் ஒரு நிஜப் பரப்பைக் கொண்டுவந்து நிறுத்தும் வழி இருக்கிறது. 1993-லேயே முன்வைக்கப்பட்ட யோசனை அது. வாகன உட்புறத்தை வடிவமைப்பவர்களுக்கு மிகப் பொருத்தம். ரோபோவும் மனிதரும் ஒரே இடத்தில் இயங்குவதால் பாதுகாப்பு ஏற்பாடு கடுமையாக இருக்க வேண்டும்.

யாருக்கு எது

நின்று பார்த்து நகரும் கூட்டத்துக்கான கண்காட்சி என்றால் மீயொலிப் பலகையைத் தயங்காமல் சொல்வேன். அதற்கேற்ற பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். கற்சிலையைத் தொடவைக்கப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். கருந்துளையைச் சுற்றும் வாயு, இதயத் துடிப்பு, மின்பொறி, மழை, காந்தப்புலம் என்று நிஜத்திலேயே கெட்டியில்லாதவற்றைத் தொடவைத்தால் கருவியின் பலவீனமே பொருளின் இயல்பாகிவிடும்.

கார் முகப்பில் கையசைவுக் கட்டுப்பாடு என்பது வேறு விதமான வழக்கு. பிஎம்டபிள்யூ 2017-ல் காற்றில் மிதக்கும் பிம்பத்தோடு, விரல் பட்டதும் மீயொலியால் தட்டும் ஒரு மாதிரியைக் காட்டியது. ஓட்டுநர் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல், கட்டளை ஏற்கப்பட்டதா என்று அறிய வேண்டும். இது முழுக்கச் சேதி சொல்லும் வேலை, மீயொலி அதைச் செய்யும். ஆனாலும் வட்டமாகத் திருகும் ஒரு நிஜக் குமிழுக்கு அங்கே இடம் இருக்கிறதென்றால் நான் குமிழையே வைப்பேன். அதைத் தேடிப் பிடிக்கலாம், எவ்வளவு திருகினோம் என்று உணரலாம், அதன்மேல் கையை ஓய்வாக வைக்கலாம்.

பார்வையற்றோருக்கான பயன்பாடு என்று வரும்போது அதிகக் கவனம் வேண்டும், ஏனென்றால் இங்கே கண் வந்து உதவாது. பிரெயில் எழுத்தின் புள்ளிகளுக்கு இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். மீயொலிப் புள்ளியின் அகலமே அதைவிட மூன்று மடங்குக்கு மேல். எனவே காற்றில் பிரெயில் என்று செய்துபார்த்த ஆய்வுகள் எழுத்தைப் பெரிதாக்கி உள்ளங்கையில் விரிக்க வேண்டியிருந்தது. பொது இடத்தில் கையை நீட்டி ஓரிரு எழுத்துகளைத் தெரிந்துகொள்ள அது சரி. வாசிப்பதற்கு, ஊசிகள் எழும்பித் தாழும் பிரெயில் பலகையே பல மடங்கு மேல்.

வீட்டில் ஹெட்செட்டோடு விளையாடுபவருக்கு? கையில் உள்ள கட்டுப்படுத்தியின் அதிர்வும் நல்ல சத்தமும் போதும் என்பது என் கணிப்பு. பொத்தானைத் தொட்ட கணத்தில் ஒரு சொடுக்கொலியும் சிறு நிறமாற்றமும் தாமதமில்லாமல் வந்தால், பலருக்கு அது தொட்டது போலவே தோன்றும். இதைச் சரியாகச் செய்யாமல் விலையுயர்ந்த தொடுகருவிக்குத் தாவுவது வீண்செலவு.

வாங்குமுன் செயல்விளக்கம் கேட்பீர்கள். அப்போது திரையையும் ஒலியையும் அணைக்கச் சொல்லிவிட்டு ஒருமுறை தொட்டுப் பாருங்கள். கருவி தருவது எவ்வளவு, படம் தந்தது எவ்வளவு என்று உடனே பிரிந்து தெரியும். பிறகு படத்தோடு தொட்டு, கையை வேகமாக இடம் மாற்றுங்கள். கேமரா கையைத் தவறவிட்டால் மீயொலி வெற்றிடத்தில் குவியும், உணர்வு பின்தங்கும். அறை வெளிச்சத்தையும் மாற்றிப் பாருங்கள், ஏனென்றால் கையைப் பின்தொடரும் கேமராக்கள் பல, நேர் வெயிலில் திணறும். சோதிப்பவர்களில் வயதானவர்களும் கட்டாயம் இருக்கட்டும். 200 ஹெர்ட்ஸ் அதிர்வை உணரும் திறன் வயது ஏற ஏறக் குறைகிறது. இளம் பொறியாளரின் உள்ளங்கைக்குத் தெளிவாகப் படுவது எழுபது வயதுக்காரருக்குப் படாமலே போகலாம். உங்கள் பார்வையாளர்களில் அவர்கள் அதிகம் என்றால், மீயொலியின் வலிமையை அவர்கள் கையில் சோதித்த பிறகே கையெழுத்திடுங்கள்.